முப்பது நிமிடப் பக்கம்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், இன்னொன்று கற்றுக்கொடுப்பவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கைப் பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட வீணாக மிதிக்காதவள் என்று டிரைவிங் டீச்சருக்கு ஸ்கூலில் நல்ல பேர். அந்தப் பேர் ஒரு புதன்கிழமை காலை பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு நர்ஸ். இருபத்து நான்கு வயது. குழந்தைக்கு ஊசி போடும்போதுகூடக் கை நடுங்காதவள், ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் வியர்த்துக் கொட்டுவாள். "ஒரு பாட்டு வச்சுக்கட்டுமா டீச்சர்? பாட்டு ஓடினா எனக்குப் பயம் தெரியாது" என்று கேட்டுவிட்டுப் போனைத் தட்டினாள்.

குச்சியோடு குச்சி மோதும் நான்கு தட்டு. அவ்வளவுதான் கேட்டது. டீச்சரின் முதுகு நிமிர்ந்தது, வலது கால் தானாக எழுந்தது, ஐந்தாவது தட்டுக்குச் சரியாக இறங்கியது. கார் குதித்தது. கால் மறுபடி எழுந்து மறுபடி இறங்க, கார் தாளத்துக்குத் தாளம் குதித்துக்கொண்டே போய் ஒரு தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

"டீச்சர், நான் பிரேக் போடலை" என்றாள் நர்ஸ்.

"நான்தான் போட்டேன்."

"முன்னாடி யாருமே இல்லையே."

"இருந்தாங்க. போயிட்டாங்க. வண்டியை எடு."

நர்ஸ் எடுத்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டாரில் மூன்றே கார்டு, கதவை யாரோ உதைக்கிற மாதிரி டிரம்ஸ், அதற்கு மேல் பஸ்ஸைத் துரத்தி ஓடுகிறவன் மூச்சிரைக்கப் பாடுகிற மாதிரி ஒரு பையனின் குரல். வாத்தியம் எல்லாம் சண்டைக்கு வருகிறது, மெட்டு மட்டும் தேனாக இருக்கிறது. பாப்-பங்க் என்பார்கள். ஆல்பத்தின் பெயர் 'நாளைக்கு லீவு'. பாடிய குழுவின் பெயர் 'பக்கத்து வீட்டுப் புகார்'. வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அது வந்தபோது இந்த நர்ஸ் பிறக்கவே இல்லை.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று டீச்சர் கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

"எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும் டீச்சர். சீனியர் அக்கா கொடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க சித்தப்பா கொடுத்தாராம். பரீட்சை அன்னிக்குக் காலைல ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் போவோம். ஒரு தடவை கேட்டா பத்தாது. முடிஞ்சதும் 'திருப்பு'ன்னு எல்லாரும் கத்திட்டு மறுபடி முதல்லேருந்து போடணும். அந்தக் காலத்து கேசட்டுல ரெண்டு பக்கமும் இதேதான் இருந்ததாம். நான் கேசட்டைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல, ஆனா திருப்புன்னு கத்துவேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டாள். அது சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

"அடுத்த மாசம் அவங்க மறுபடி சேர்ந்து முழு ஆல்பத்தையும் வாசிக்கறாங்க. என்கிட்ட டிக்கெட் இருக்கு" என்று நர்ஸ் பேசிக்கொண்டே போனாள். "அந்த டிரம்ஸ் அடிக்கிற பொண்ணைப் பாக்கணும் டீச்சர். என்னா வேகம். இப்போ எப்படி இருக்காங்களோ, எங்கே இருக்காங்களோ."

"உன் பக்கத்துல இருக்கா. இடது இண்டிகேட்டர் போடு."

இந்தத் தடவை பிரேக் போட்டது நர்ஸ். பின்னால் வந்த வேன்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தின் அடியில் ஒரு முள் இருந்தது. நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று வாரம் மூன்று நாள். ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பேட்மிண்டன் அரங்கம், சனிக்கிழமை மாலை நான்கு மணி, எழுநூறு டிக்கெட், எல்லாம் தீர்ந்தாயிற்று. பாடகர் மட்டும் வரமாட்டேன் என்கிறார்.

பாடகர் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த அண்ணன். இப்போது கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்னால் நின்று கண் பரிசோதிப்பார், பின்னால் போய் லென்ஸ் தேய்ப்பார். நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டது அவரும் அல்ல, இவளும் அல்ல. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஏணிதான். ஆள் உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வைத்த பேர் அது. இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான், ஏணி வாடகை மிச்சம். அவனுக்கு உலகத்தில் வராத ஒரே சொல் 'முடியாது'. நிகழ்ச்சியை நடத்துகிற இசைத்தட்டுக் கடைக்காரர் வந்து கேட்டதும் மூவர் சார்பிலும் தலையாட்டிவிட்டான்.

"அந்தக் குரல் என்கிட்ட இல்ல" என்று அண்ணன் சொல்லிவிட்டார். "எழுநூறு பேரு வந்து அந்தக் குரலைத் தேடுவாங்க. கிடைக்காது. என்னால அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

அந்தக் குரல் அவரிடம் எப்போதுமே இருந்ததில்லை. இது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பத்தொன்பது, அண்ணனுக்கு இருபத்திரண்டு. ஏணி வீட்டு கார் ஷெட்டில், நான்கு தடங்களில் பதிகிற ஒரு டேப் கருவியை வைத்துப் பன்னிரண்டு பாட்டையும் பதிந்தார்கள். அதிலிருந்து எல்லாத் தடத்தையும் கலந்து ஒரு அறுபது நிமிட கேசட்டில் இறக்க வேண்டிய வேலை அவளுடையது. அண்ணனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், மறுபக்கத்திலும் அதே ஆல்பம் இருக்க வேண்டும். கேட்கிறவன் திருப்பிப் போட்டால் மறுபடி முதல் பாட்டு. முடிவே வரக்கூடாது. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பக்கம் முப்பது நிமிடம், ஆல்பம் முப்பத்திரண்டு நிமிடம். பன்னிரண்டாவது பாட்டான 'கடைசி பஸ்' நடுவிலேயே அறுந்துபோனது.

ஒரு பாட்டை எடுத்துவிடலாம் என்றாள். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எது என்று சொல்லு, அதுதான் என் உயிர் என்றார். பன்னிரண்டையும் அப்படியே சொன்னார். அவள் கருவியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில், டேப் ஓடுகிற வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. ஒரு நகம் அளவு திருப்பினாள். இரண்டு நிமிடம் காணாமல் போயிற்று. பன்னிரண்டு பாட்டுக்கும் குமிழ் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமே என்று தன் நெயில் பாலிஷால் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். 'கடைசி பஸ்' முழுசாக வந்தது.

டேப் வேகமாக ஓடினால் பாட்டு வேகமாகும் என்பது மட்டுமல்ல, சுருதியும் ஏறும். அண்ணனின் குரல் அரைச் சுரத்துக்கும் கொஞ்சம் மேலே ஏறி, நான்கு வயது குறைந்து, பளபளவென்று வந்து நின்றது. விஷயத்தைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் கேட்டுவிட்டார். "இது நானா?" என்றார். "ஏய், நான் இவ்வளவு நல்லாவா பாடுறேன்?" அவர் கண் கலங்கியிருந்தது. அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

முதல் நாளே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு மாதம் கழித்து ஆல்பம் ஊரெல்லாம் பரவியது. ஒரு வருடம் கழித்து இரண்டாவது ஆல்பத்துக்குப் பெரிய ஸ்டூடியோவில் நின்று பாடிய அண்ணன், தன் குரலைக் கேட்டு முகம் செத்துப்போனார். அந்த உயரம் வரவில்லை. எப்படி வரும். நடுவில் வந்த ஒரு காய்ச்சலில் தொண்டை போய்விட்டது என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். கிட்டார் சுருதிகூட அந்த ஆல்பத்தோடு சேராததற்கு அன்று சுருதி பார்த்துக் கிட்டாரை முறுக்கிய ஏணியின் உடைந்த மௌத் ஆர்கன் மேல் பழி போட்டார். இருபத்து மூன்று வயதில் பாட்டை விட்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. பயம். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல் ஒரு கல் கனம் கூடிக்கொண்டே போயிற்று.

நர்ஸ் பாட்டுப் போட்டதற்கு மறுநாள் காலை அவள் ஏணி வீட்டுக்குப் போய்ப் பழைய கருவியைக் கேட்டாள். நிகழ்ச்சி மேடையில் காட்சிக்கு வைப்பதற்காகத் துடைத்து வைத்திருந்தான். எதற்கு என்றான். சொன்னாள். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

ஏணி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. "இரு. அப்போ என் விரல்?"

"அதுவும்தான்."

"நான் அது என் கை வேகம்னு இல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன். வேலைக்கு வர்ற பசங்ககிட்ட எல்லாம் போட்டுக் காட்டியிருக்கேன். பாருங்கடா, இதுதான் விரல்னு."

"மன்னிச்சுக்கோடா."

"என்னை விடு. உங்கண்ணன் உன்னைத் தோலை உரிச்சுடுவாரு" என்றவன், கருவியைத் தானே தூக்கிவந்து காரின் பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான்.

கண்ணாடிக் கடையில் அப்போது ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தார். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு குண்டு மனிதர். பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அண்ணன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை என்று நினைத்தால் மட்டும் பாடுவார். தடித்த, கொஞ்சம் கரகரத்த, நல்ல குரல்.

டீச்சர் கருவியைக் கவுன்ட்டரில் வைத்துப் பிளக்கைச் செருகினாள். ஸ்டியரிங்கைத் தொட்டால் நர்ஸுக்கு வருகிற பயம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குமிழை நட்ட நடுவில் நிறுத்தி, அன்று ஷெட்டில் பதிந்த மூல டேப்பை ஓடவிட்டாள்.

குச்சியோடு குச்சி, நான்கு தட்டு. அப்புறம் அண்ணனின் குரல். பின்கட்டில் பாடிக்கொண்டிருந்த அதே குரல், இருபத்திரண்டு வயதில். இயந்திரம் நின்றது. கையில் பாதி தேய்த்த லென்ஸோடு அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"இதுதான் நீ" என்றாள். பிறகு குமிழைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினாள். குரல் துள்ளி மேலே ஏறியது, ஊருக்கெல்லாம் தெரிந்த குரலாக மாறியது. "இது நான் பண்ணினது. கேசட்டுல ஒரு பக்கத்துல இடம் பத்தலை. முப்பது நிமிஷத்துக்குள்ள அடக்கணும்னு திருப்பினேன்."

அண்ணன் லென்ஸை மெதுவாகக் கீழே வைத்தார். குமிழைத் தன் விரலால் பிடித்தார். நடுவுக்குத் திருப்பினார். புள்ளிக்குத் திருப்பினார். மறுபடி நடுவுக்கு. நாள் முழுக்க அவர் செய்கிற வேலை இதுதான், ஒரு லென்ஸைப் போட்டு, இன்னொன்றைப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது.

"இந்தச் சிவப்பு என்ன?"

"என் நெயில் பாலிஷ்."

"எத்தனை பாட்டு?"

"பன்னெண்டும்."

கண்ணை மூடியிருந்த குண்டு மனிதர் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "சார், அது 'நாளைக்கு லீவு' பாட்டுதானே? மெதுவா ஒருத்தர் பாடினாரே, அவர் யாரு சார்? அது ரொம்ப நல்லா இருக்கே."

அண்ணன் டேப்பை நிறுத்தினார்.

"நான் மூணு டாக்டரைப் பாத்தேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "ஆறு மாசம் தினமும் காலைல உப்புத்தண்ணில தொண்டையைக் கொப்பளிச்சேன். நீதான் தண்ணியைச் சுட வச்சுக் கொடுத்தே."

"ஆமா."

"ஒவ்வொரு நாளும் கொடுத்தே."

"ஆமாண்ணா."

"கடையை மூடணும். நீ கிளம்பு."

மணி காலை பதினொன்று. டீச்சர் கிளம்பினாள். காரில் உட்கார்ந்து, கண் துடைத்துக்கொள்ளாமலே வண்டியை எடுத்தாள். அப்படி ஓட்டக்கூடாது என்று அவளே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இருபத்தைந்து வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. அது இறங்கியதில் வந்த நிம்மதிக்காகவும் அவள் வெட்கப்பட்டாள்.

மூன்று நாள் அண்ணனிடமிருந்து மூச்சு பேச்சில்லை. அண்ணி மட்டும் ஒரு தடவை போன் செய்து, "என்ன பண்ணித் தொலைச்சே? மனுஷன் பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுறாரு" என்று கேட்டாள். டீச்சரும் ஏணியும் பாடகர் இல்லாமலே கார் ஷெட்டில் ஒத்திகை தொடங்கியிருந்தார்கள். எழுநூறு பேரிடம் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் மாலை ஷெட்டின் கதவு சடாரென்று மேலே ஏறியது. அண்ணன் நின்றார். தோளில் ஒரு கிட்டார். அதை அவர் விற்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கையில் அண்ணியின் அடுப்படி டைமர். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் டைமரை டிரம்ஸுக்கு எதிரே, அவள் கண்ணுக்கு நேராக, ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் வைத்தார்.

"நான் பாடுறேன்" என்றார். "என் குரல்ல, என் சுருதில. ஒரு இழை ஏத்த மாட்டேன். ஆனா வேகம் மட்டும் கேசட் வேகம். முப்பது நிமிஷம். ரெண்டு நிமிஷத்தைக் குமிழால முழுங்கினே இல்ல, இப்போ அதைக் கையால முழுங்கு. டைமர் அடிக்கும்போது பாட்டு முடியலைன்னா, 'கடைசி பஸ்' எந்த இடத்துல இருந்தாலும் அங்கேயே விட்டுட்டு மேடையை விட்டு இறங்கிடுவேன்."

ஏணி மெதுவாகத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"நீ சரின்னு சொன்னே" என்றார் அண்ணன்.

தண்டனை என்றால் அது தண்டனை. அந்த வேகத்தில் அவர்கள் வாழ்நாளில் ஒருநாளும் வாசித்ததில்லை. பத்தொன்பது வயதில் வாசிக்காததை நாற்பத்து நான்கு வயதில் வாசிக்க வேண்டும். முதல் ஒத்திகை முப்பத்திரண்டு நிமிடம் பத்து நொடி. டைமர் அலறியது, அண்ணன் பாட்டு நடுவில் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இரண்டாவது வாரம் முப்பத்தொன்று. மறுபடி அலறல், மறுபடி கழற்றி வைத்தல். பாட்டு பற்றித் தவிர தங்கையிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் பாடினார். ஐயோ, எப்படிப் பாடினார். அந்தக் கரகரத்த குரலில் 'மாடிப்படி'யும் 'நாலாவது பெஞ்ச்'சும் வேறு பாட்டாக இருந்தன. ஓடுகிறவன் மூச்சிரைக்கிற குரல் போய், ஓடிப் பிடித்தவன் குரல் வந்துவிட்டது. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்கும்போதெல்லாம் டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. திட்டு வாங்கிக்கொண்டே ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பது அவளுக்கே ஆச்சரியம்.

பகலில் காரில் உட்கார்ந்து முழங்காலில் தட்டினாள். சிக்னலில் டாஷ்போர்டில் தட்டினாள். நர்ஸ் டிரைவிங் டெஸ்டில் பாஸாகிவிட்டாள், ஆனாலும் தினம் வந்து டீச்சரின் இரண்டு மணிக்கட்டிலும் பேண்டேஜ் சுற்றிவிட்டுப் போனாள். "இந்தக் கை இப்போ என் கேஸ்" என்றாள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒத்திகையில் முப்பது நிமிடம் இருபது நொடி வந்தது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கே அரங்கம் நிரம்பிவிட்டது. டீச்சர் திரை ஓரமாக எட்டிப் பார்த்தாள். வழுக்கைத் தலைகள் இருந்தன, பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிய பெண்கள் இருந்தார்கள், அப்பாவும் மகளும் ஒரே மாதிரிச் சட்டையில் வந்திருந்தார்கள். ஒருவர் உடைந்த கேசட் பெட்டியை மந்திரித்த தகடு மாதிரிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முன் வரிசையில் நர்ஸ், அவளைச் சுற்றி ஹாஸ்டலே நின்றது. மேடையின் இடது ஓரத்தில் ஒரு மேஜை, அதன்மேல் பழைய டேப் கருவி. குமிழ் சிவப்புப் புள்ளியில் இருந்தது.

டீச்சர் ஒரு பிளாஸ்க்கை அண்ணனின் மைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். வெந்நீர். அவர் பார்த்தார், தொடவில்லை. டைமரில் முப்பது நிமிடம் வைத்து அவள் எதிரே நிறுத்திவிட்டு, "ஆரம்பி" என்றார்.

குச்சியோடு குச்சி, நான்கு தட்டு. ஐந்தாவது தட்டுக்கு முன்பே எழுநூறு பேரும் காற்றில் இருந்தார்கள். தரை அதிர்ந்து டிரம்ஸின் கால்கள் நகர ஆரம்பித்தன, ஏணி ஒரு காலால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டே வாசித்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மூச்சு விடவில்லை. அண்ணன் முதல் வரியைப் பாடினார், தன் குரலில், தாழ்ந்த சுருதியில். டீச்சர் முகங்களையே பார்த்தாள். யாராவது முகம் சுளிப்பார்களா, யாராவது அந்தப் பழைய குரலைத் தேடுவார்களா என்று பார்த்தாள். ஒருவரும் தேடவில்லை. தேட நேரமில்லை, எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எந்தச் சுருதியைக் கொடுத்தாரோ அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும், அன்று ஷெட்டில் பாட்டு நடுவே தவறிப் பதிவான இருமலையும்கூட விடாமல் பாடினார்கள். இருபத்தைந்து வருடமாக எந்தக் குரலை இழந்தோம் என்று அண்ணன் அழுதாரோ, அது இவர்கள் தொண்டையில் பத்திரமாக இருந்தது.

ஆறாவது பாட்டில் பேண்டேஜ் அவிழ்ந்தது. ஒன்பதாவதில் கை கையாக இல்லை. டைமரில் எட்டு நிமிடம், ஐந்து நிமிடம். 'கடைசி பஸ்' தொடங்கும்போது இரண்டு நிமிடம் ஐம்பது நொடி மீதி. பாட்டின் நீளமும் அதேதான், கேசட் வேகத்தில். அண்ணன் திரும்பி டைமரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பாட்டில், பஸ்ஸைத் துரத்துகிறவன் கத்துகிற "நில்லு" காதில் விழாமல் ஓட்டுநர் போகிற இடம் வந்தது. அண்ணன் "நில்லு" என்று இழுத்தார், எழுநூறு பேரும் இழுத்தார்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. கூட்டத்தின் மூச்சு அவளை முன்னால் தள்ளியது. கடைசித் தட்டு. அவள் சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

டைமரில் மூன்று நொடி பாக்கி இருந்தது. அந்த மூன்று நொடியும் அரங்கத்தில் சத்தமே இல்லை. பிறகு டைமர் அடித்தது.

"திருப்பு" என்று ஒரு குரல் கத்தியது. நர்ஸ்தான். அதற்கப்புறம் எழுநூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், கேசட்டைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும். திருப்பு, திருப்பு.

ஏணி தன் விரல்களைக் கெஞ்சலாகப் பார்த்தான். டீச்சரால் கையைத் தூக்கவே முடியவில்லை. இன்னொரு முறை அந்த வேகத்தில் அடித்தால் மறுவாரம் ஸ்டியரிங்கூடப் பிடிக்க முடியாது. ஆனால் இரண்டு பக்கம் என்பது அண்ணனின் பிடிவாதம். அவர் மாற்றமாட்டார்.

அண்ணன் டைமரை எடுத்து அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குனிந்து பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"உப்பு போடலையா?" என்றார். மூன்று வாரத்தில் பாட்டைப் பற்றி இல்லாமல் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்லண்ணா. இனிமே வேண்டாம்னு."

அவர் தலையாட்டினார். மேடை ஓரத்துக்கு நடந்து போனார். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, அவர் என்ன செய்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. மேஜை மேல் இருந்த கருவியின் குமிழைப் பிடித்து, சிவப்புப் புள்ளியிலிருந்து நட்ட நடுவுக்குத் திருப்பி வைத்தார். திரும்பி வந்து கிட்டாரைச் சரிசெய்துகொண்டு தங்கையின் பக்கம் குனிந்தார்.

"இந்தப் பக்கம் நம்ம வேகத்துல வாசிப்போம்" என்றார். "முப்பத்திரண்டு நிமிஷம். இடம் நிறைய இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குச்சியோடு குச்சி தட்டி நான்கு எண்ணினாள்.